அக்டோபரில் எழுதப்பட்ட ஜூலை

பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் பத்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியையிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்தாம். நோட்டெல்லாம் முடித்துவிட்டாளா, எத்தனை பாடம் பாக்கி வைத்திருக்கிறான், டெஸ்ட் எல்லாம் எழுதிவிட்டானா, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டாளா. தன் பிள்ளைக்கு ஒரு விடுப்புக் கடிதத்தை யாரையும் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுத வருகிறதா என்று கேட்ட தாயோ தந்தையோ எவரும் என் நினைவில் இல்லை. அவர்களைக் குறை சொல்வதற்கு எனக்கு மனமில்லை. நோட்டு கண்ணுக்குத் தெரிகிற பொருள். தறியில் உட்கார்ந்து எழுந்துவரும் தகப்பனால் அதைப் புரட்டிப் பார்த்து, நீல மை எங்கே நின்றிருக்கிறது, சிவப்பு மை எங்கே நின்றிருக்கிறது என்று கண்டுகொள்ள முடியும். பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலரும், அவருக்கு முன்னே நடக்கும் தலைமை ஆசிரியரும் வகுப்பில் முதலில் கேட்டு வாங்குவது அதே நோட்டைத்தான். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளும் அந்த இடத்தையே அலங்கரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

நான் இதைப்பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தும் தள்ளிப்போட்டு வந்ததற்குக் காரணம், இதில் என் கருத்து இன்னதென்று எனக்கே திட்டமாகச் சொல்ல வராததுதான். ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்கிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பது ஆசிரியர் அறையில் யாரும் மறுத்துப் பேசாத விதி. கணக்குப் பாடத்தில் அது சரி. காரணிப்படுத்தத் தெரியாதவனுக்கு அதற்கடுத்த அத்தியாயம் வெறும் கோலம்தான். ஆங்கிலத்திலும் அப்படித்தானா என்ற ஐயம் எனக்குள் எப்போதும் இருந்தது. அதை வெளியே சொல்லும் துணிவை ஒரு மாணவிதான் கொடுத்தாள், அதுவும் ஒன்றும் சொல்லாமலேயே.

அவள் சென்ற கல்வியாண்டில் என் பத்தாம் வகுப்பில் இருந்தாள். ஜூலையில் மஞ்சள் காமாலை கண்டு வீட்டோடு இருந்துவிட்டாள். கீழாநெல்லியும் மோரும் உப்பில்லாச் சோறுமாகப் பத்தியம் நீண்டது. இடையில் ஒருமுறை வந்து, மதிய உணவு வேளைக்குள் சோர்ந்து விழுந்து, மறுபடியும் போனாள். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து அவள் திரும்பியபோது வகுப்பு எங்கோ போயிருந்தது. வந்த அன்றே அவள் செய்த முதல் காரியம், முன் வரிசைத் தோழியின் ஆங்கில நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டதுதான்.

நோட்டின் கணக்கு

பத்தாம் வகுப்பு ஆங்கில நோட்டு என்பது எவ்வளவு எழுத்து என்பதை வெளியிலிருப்பவர்கள் அறிவது கடினம். ஒவ்வோர் அலகிலும் ஓர் உரைநடை, ஒரு செய்யுள், ஒரு துணைப்பாடக் கதை. உரைநடைக்குச் சொற்பொருள், எதிர்ச்சொல், குறுவினா விடைகள், பத்தி விடை. செய்யுளுக்கு நயம் பாராட்டல் கேள்விகள், அதற்கொரு பத்தி, மனப்பாடமாக இருந்தால் அடி பிறழாமல் அந்தப் பாட்டு. துணைப்பாடத்துக்கு வரிசை மாற்றி எழுதும் வாக்கியங்கள், குறிப்புகளை விரித்து எழுதும் பத்தி. இவற்றோடு இலக்கணப் பயிற்சிகள். முதல் பக்கத்தில் அட்டவணை, ஒவ்வொரு தலைப்புக்கும் தேதி, பக்க எண், ஆசிரியர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டங்கள் வரிசையாக நிரம்பியிருந்தால் அது நல்ல நோட்டு.

இவற்றுக்கு மேலே டெஸ்ட்டுகள். காலையில் ஸ்லிப் டெஸ்ட், அலகு முடிந்தால் யூனிட் டெஸ்ட், இடைப்பருவத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, அதன்பிறகு திருப்புதல் தேர்வுகள். ஸ்லிப் டெஸ்ட்டில் குறைந்தால் அதே விடையை ஐந்து முறை இம்போசிஷன் எழுத வேண்டும். எழுதிவிட்டு ரீ-டெஸ்ட்டும் எழுத வேண்டும். இது பல பள்ளிகளில் உள்ள நடைமுறை. பின்தங்கிய பிள்ளைக்கு இது கந்துவட்டி போல வேலை செய்கிறது. இன்றைய டெஸ்ட்டுக்குப் படிக்க வேண்டிய மாலைப்பொழுதை நேற்றைய இம்போசிஷன் தின்றுவிடுவதால் இன்றும் குறைகிறது; இன்றைய குறைவுக்கு நாளை ஓர் இம்போசிஷன் சேர்கிறது; அசல் அப்படியே நிற்க, பிள்ளை வட்டியை மட்டும் எழுதித் தீர்க்கிறது. இந்தச் சுழலில் மாட்டியவர்களைத்தான் நாம் பதிவேட்டில் மெல்லக் கற்போர் என்று எழுதிவைக்கிறோம். அவர்களில் சிலருடைய கை, வகுப்பிலேயே வேகமான கை.

மேல்வகுப்புகளில் இது இன்னொரு வேடம் போடுகிறது. பதினொன்று, பன்னிரண்டில் மொழிப்பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. அந்தப் பத்தில் ஒரு சிறு பங்கு ஒப்படைவுக்கு, அதாவது அசைன்மென்ட்டுக்கு. அந்தச் சிறு பங்குக்காகப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து, இணையத்திலிருந்து எடுத்த பக்கங்களை வண்ண அச்சில் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டிக் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். அலமாரியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

என் மாணவியிடம் திரும்பி வருகிறேன். அவள் மடியில் தோழியின் நோட்டை வைத்து, மேசைமேல் தன் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே இருந்தாள். நான் கரும்பலகை அருகே நின்று ஐந்தாவது அலகை நடத்திக்கொண்டிருப்பேன். அவள் இரண்டாவது அலகின் குறுவினாக்களை எழுதிக்கொண்டிருப்பாள். தலை மட்டும் அவ்வப்போது மரியாதைக்கு நிமிரும். பேனா ஓடும் வேகத்தில் ஒருத்தி ஜூலை மாதத்தை எழுதிக்கொண்டிருக்க, அவள் கண்ணெதிரே அக்டோபர் மாதம் நடந்து போய்க்கொண்டிருந்தது. இந்த அக்டோபரையும் அவள் டிசம்பரில் யாருடைய நோட்டையோ பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். மிகவும் ஒழுங்கான பிள்ளை. அதனால்தான் இந்தத் தவறான உழைப்பை இவ்வளவு சிரத்தையாகச் செய்தாள். சோம்பேறியாக இருந்திருந்தால் பாடத்தையாவது கவனித்திருப்பாள்.

அந்த நோட்டைத் திருத்த உட்கார்ந்த நாளில் ஒரு வேடிக்கையைக் கண்டேன். முதல் உரைநடை, பறக்க அஞ்சிப் பாறை விளிம்பில் ஒதுங்கி நிற்கும் கடற்பறவைக் குஞ்சு ஒன்றைப் பற்றியது. 'சீகல்' என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் இவள் 'சீ கேர்ள்' என்று எழுதியிருந்தாள். தோழியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன், அதிலும் 'சீ கேர்ள்'. அந்தத் தோழி தானும் ஒருநாள் விடுப்பு எடுத்துவிட்டு அடுத்த பெஞ்சில் வாங்கி எழுதியவள். அங்கேயும் கடல் பெண்தான் இறகை விரித்துப் பறந்துகொண்டிருந்தாள். ஒரு வரிசை முழுக்க ஒருத்திகூட இது என்ன கதை, பெண்ணுக்கு எப்படி இறகு வந்தது என்று நின்று யோசிக்கவில்லை. எழுதுகிற வேகத்தில் பொருள் உள்ளே நுழைய இடமே இருக்கவில்லை. திருத்தும்போது என் சிவப்புப் பேனா எல்லா நோட்டிலும் ஒரே இடத்தில் வட்டமிட்டது. சிரிப்பு வந்தது, சிரித்து முடித்தபின் கொஞ்சம் கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை.

36 மதிப்பெண்

நான் சொல்ல வந்தது உண்மையில் இந்த இடத்தைப் பற்றித்தான். ஒருநாள் கடைசிப் பாடவேளையில், மற்றவர்கள் விளையாட்டு மைதானத்துக்குப் போயிருக்க, இவள் உடம்பு தேறாததால் வகுப்பிலேயே இருந்தாள். வழக்கம்போல மடியில் ஒரு நோட்டு, மேசையில் ஒரு நோட்டு. இரண்டையும் மூடச் சொல்லிவிட்டுப் பழைய அரையாண்டு வினாத்தாள் ஒன்றையும் பென்சிலையும் கொடுத்தேன். "நீ வராத நாள்ல நடத்தின பாடம் தெரிஞ்சாத்தான் எழுத முடியும்ங்கிற கேள்விய விட்டுடு. பாடமே தெரியாம, இன்னிக்கு உக்காந்து எழுத முடியறத மட்டும் டிக் பண்ணு" என்றேன். அவள் அதை ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத்தான் தொடங்கினாள்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் அமைப்பை அறிந்தவர்களுக்கு அவள் பென்சில் எங்கெங்கே நின்றிருக்கும் என்று தெரியும். 2019-20 முதல் இரண்டு தாள்களை ஒன்றாக்கி 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாளாகக் கொடுக்கிறார்கள். அதில் எழுத்துத் திறன் பகுதியில் விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கி எழுதுதல், பிழை திருத்தம் என ஆறு கேள்விகள். நான்குக்கு எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 5. ஆக 20. கடைசியில் புத்தகத்தில் இல்லாத பத்தியையோ செய்யுளையோ கொடுத்து வினா கேட்கும் பகுதிக்கு 8. வழி தெரியாதவருக்கு வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் கேள்விக்கு 2. இரு மதிப்பெண் இலக்கணக் கேள்விகள் மூன்றுக்கு 6. அவள் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். 36. தேர்ச்சிக்கு வேண்டியது 35.

மறுபடியும் கூட்டினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப இவ்ளோ நாளா எழுதினது எதுக்கு மிஸ்?" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அட்டவணையில் கட்டம் நிரம்புவதற்கு என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த 36-ல் முழுதும் வாங்குகிற பிள்ளைக்கு எந்தச் சிக்கலுமே இருக்காது. பின்தங்கியவர்கள் அதில் பாதி வாங்கினாலே பெரிது. எனவே அந்தக் கூட்டல் தேர்ச்சிக்கு உத்தரவாதம் அல்ல. நான் அதில் கண்டது வேறு. தாளின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஜூலையில் வகுப்பில் இருந்தாயா என்று கேட்பதே இல்லை. இன்று உன்னால் ஐந்து வாக்கியம் எழுத முடியுமா என்றுதான் கேட்கிறது. அந்தப் பங்கில் யாரும் யாருக்கும் பின்தங்கியவர் அல்லர். ஜூலையில் தவறவிட்ட எதுவும் அங்கே பாக்கி என்று ஏறுவதில்லை. ஆனால் அந்தப் பங்குக்குத்தான் நம் பிள்ளைகள் மிகக் குறைவான நேரம் செலவிடுகிறார்கள், ஏனென்றால் அதை நோட்டில் காட்ட முடியாது. இரண்டு தாள்களாக இருந்த காலத்தில் இரண்டாம் தாளுக்கென்று தனியே நேரம் ஒதுக்க வேண்டிய கட்டாயமாவது இருந்தது. ஒரே தாளான பிறகு, மூத்த ஆசிரியர்கள் 'செகண்ட் பேப்பர் போர்ஷன்' என்று இன்றைக்கும் வாய் தவறிச் சொல்லும் அந்தப் பகுதி, கடைசி மாதத்தில், தேர்ச்சிக்கு மட்டும் போதுமான சுருக்கக் குறிப்புகளாக, மினிமம் மெட்டீரியல் என்ற பெயரில் ஜெராக்ஸ் தாள்களில் வந்து சேர்கிறது.

அன்றைக்கு மீதியிருந்த நேரத்தில் வினாத்தாளில் இருந்த படத்துக்கு எழுதச் சொன்னேன். நம் வினாத்தாள் படங்களின் தரம் ஊரறிந்தது. நகலெடுத்து நகலெடுத்துக் கரி பூசியதுபோல் இருந்த ஒரு காய்கறிச் சந்தை. இந்தக் கேள்விக்கு எல்லாக் கைடுகளிலும் ஒரு சூத்திரம் உண்டு. இது ஓர் அழகான படம், இதில் பல மனிதர்கள் இருக்கிறார்கள், படம் மிகவும் வண்ணமயமாக உள்ளது, இதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணமயம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிய விடைத்தாள்களை விடைத்தாள் திருத்தும் மையங்களில் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். இவள் அந்தச் சூத்திரம் நடத்தப்பட்ட நாளிலும் பள்ளிக்கு வந்திருக்கவில்லை. அதனால் படத்தைப் பார்த்தாள். மூன்றாவது வாக்கியமாக, ஓரத்தில் உட்கார்ந்திருந்த உருவத்தைப் பற்றி, அந்தப் பெண் இப்போது விற்கவில்லை, சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதினாள். வினைச்சொல்லில் பிழை இருந்தது, 'இஸ்' விட்டுப்போயிருந்தது. நான் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கை உண்மையாகவே அப்படித்தான் குவிந்திருந்தது. அந்த வினாத்தாளை நான் எத்தனையோ வகுப்புகளில் பயன்படுத்தியும் அதைக் கவனித்ததில்லை.

கேட்ட கதைகள்

அதன்பிறகு அவளுக்கென்று வேறு ஏற்பாடு செய்தேன். பழைய நோட்டு எழுதக் கூடாது. வகுப்பில் இன்று நடப்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் ஐந்து வாக்கியம், கடிதமோ படமோ அறிவிப்போ, யாரையும் பார்க்காமல் எழுதி என்னிடம் காட்ட வேண்டும். பிழையை நான் திருத்தமாட்டேன், அடிக்கோடு மட்டும் இடுவேன். திருத்துவது அவள் வேலை. முதல் சில நாள்களில் அடிக்கோடுகளே அதிகம் இருந்தன.

தவறவிட்ட பாடங்கள் வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. அவள் ஜூலையில் உண்மையாகவே இழந்தது விடைகளை அல்ல, கதைகளை. எனவே மதிய உணவு வேளையில் அவளுடைய தோழியையே கதை சொல்லச் சொன்னேன், தமிழில்தான். வேப்பமரத்தடியில் தட்டைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து அவள் சொல்லத் தொடங்கியதும் மற்றவர்களும் கூடிவிட்டார்கள். நள்ளிரவில் வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்டுப் பேய் என்று நினைத்துக் கலவரமாகும் அந்த அமெரிக்கக் குடும்பத்தின் கதை. "அந்தம்மா செருப்பத் தூக்கி எதிர்வீட்டு ஜன்னல்லயே அடிக்குதுடி, கண்ணாடி சில்லு சில்லா உடையுது. அப்புறம் வந்த போலீஸையே தாத்தா சுட்டுட்டாருடி!" என்று அவள் சொன்னபோது எழுந்த சிரிப்பு நான் அந்தப் பாடத்தை நடத்தியபோது எழவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. சொன்னவளுக்கும் அன்றுதான் கதை முழுதாகப் பிடிபட்டது என்று நினைக்கிறேன். நோட்டில் அந்தப் பாடத்துக்கான எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்து வாங்கியிருந்தவள் அவள்.

எங்கள் பள்ளியிலேயே ஆங்கிலம் நடத்தும் இன்னொரு ஆசிரியர், என்னைவிட மூத்தவர், இதை ஏற்கவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. "நீங்க நாப்பது வாங்கற புள்ளைய வெச்சிப் பேசறீங்கம்மா. தொண்ணூறு வாங்கணும்னு நெனைக்கிற புள்ள பாக்கி அறுபத்தி நாலையும் விட முடியுமா?" என்றார். விட முடியாதுதான். எழுதி எழுதித்தான் எழுத்துக்கூட்டல் கையில் படிகிறது என்பதும் அவர் கட்சி. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தை வகுப்பறைக்கு வெளியே ஒரு சொல்கூடக் கேட்காத பிள்ளைகளுக்கு, பார்த்து எழுதுவதும் ஒரு வகைப் பழக்கம்தான் என்றார். முதல் பாதியை மறுக்கமாட்டேன். இரண்டாம் பாதிக்கு, இறகு முளைத்த கடல் பெண்ணின் நோட்டுகளை அவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "அது நோட்டோட தப்பு இல்ல, திருத்தறதுல லேட் ஆன தப்பு" என்றார். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஐந்து வகுப்பு நோட்டுகளை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் அன்றன்றைக்குத் திருத்த முடியாது என்பதை அவரும் அறிவார்.

ஜனவரியில் பார்வையிட வந்த அலுவலர் அவள் நோட்டைத்தான் எடுத்தார். அட்டவணையில் வரிசையாகக் காலிக் கட்டங்கள்; எதிரே நான் 'மருத்துவ விடுப்பு' என்று எழுதியிருந்தேன். விளக்கம் கேட்டார், சொன்னேன், ஐந்து வாக்கிய நோட்டையும் காட்டினேன். அதைப் பொறுமையாகப் புரட்டினார். சில இடங்களில் நின்று படிக்கவும் செய்தார். பிறகு பாட நோட்டை எடுத்து, விடுபட்ட பகுதிகளை முடிக்கவும் என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டார். அவர் போனபின் அவள் நோட்டைக் கொண்டுவந்து, "இத எப்ப மிஸ் முடிக்கணும்?" என்று கேட்டாள். "பரீட்சை முடிஞ்சதும், ஏப்ரல் லீவுல" என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

பொதுத்தேர்வில் அவள் ஆங்கிலத்தில் தேறினாள். பெருமை பேசும்படியான மதிப்பெண் அல்ல. அவள் எழுதிய பழைய நோட்டுகளையே மனப்பாடம் செய்திருந்தாலும் அதே மதிப்பெண் வந்திருக்கலாம் என்று மூத்த ஆசிரியர் சொல்கிறார். அப்படியில்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

இந்த ஆண்டு வகுப்பு முழுவதற்குமே ஏற்பாட்டை மாற்றியிருக்கிறேன். பாட டெஸ்ட்டுகள் வாரத்தின் முதல் பாதியோடு சரி. வியாழனும் வெள்ளியும் புதிதாக எழுதுவதற்கு மட்டும். இம்போசிஷனை என் வகுப்பில் நிறுத்திவிட்டேன். விடுப்பிலிருந்து திரும்பும் பிள்ளை நோட்டு வாங்கக் கூடாது, கதை கேட்க வேண்டும். மூத்த ஆசிரியர் தம் பிரிவில் பழைய முறையையே தொடர்கிறார். இரண்டு பிரிவுக்கும் ஒரே வினாத்தாள்தான் என்பதால், அரையாண்டு விடைத்தாள்களை மாற்றித் திருத்திக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம்: என் பிள்ளைகளின் தாள்களை அவர் திருத்துவார், அவர் பிள்ளைகளுடையதை நான். படக் கேள்விக்கு வண்ணமயம் என்று எழுதினால் மதிப்பெண் தருவதா வேண்டாமா என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு எட்டவில்லை.